தலை மாற்றிய காலம்

எம்மவர்களிடையே 'தலை மாற்றுதல்' என்றொரு சொல் இருந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. வேறொருவருடைய பாஸ்போட்டில் இருந்து அவருடைய படத்தைப் பக்குவமாகக் கழற்றி எடுத்துவிட்டு, பயணம் போகிறவருடைய படத்தை அந்த இடத்தில் ஒட்டுவது. பெயரும் பிறந்த திகதியும் அவருடையவை, முகம் மட்டும் இவருடையது. விமானம் ஏறுவதற்கு முன் ஏஜென்சிக்காரன் அந்தப் பெயரையும் அந்தத் தகப்பனின் பெயரையும் பாடமாக்க வைப்பான். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லவேண்டும். நான் பிந்தி வந்தவன். எனது காலத்தில் பாஸ்போட்டுப் படம் தாளோடு தாளாக அச்சாகிவிட்டது. ஆகவே இந்தக் கைவண்ணத்தின் பெருமைகளை குசினியில் என்னோடு நிற்கிற மூத்தவர்கள் சொல்லக் கேட்டுத்தான் அறிந்தேன்.

அந்தத் தலை மாற்றுதல் இப்போது வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. 'டீப்ஃபேக்' என்கிறார்கள். முன்னர் ஒட்டியது அசையாத படம். இப்போது ஒட்டுவது அசைகிற, பேசுகிற, சிரிக்கிற முகம். கமெராவுக்கு முன்னால் ஒருவன் இருப்பான். அவனுடைய கண், வாய், தலை அசைகிற விதத்தை கொம்பியூட்டர் ஒவ்வொரு கணமும் அளந்து, அதே அசைவுகளோடு இன்னொருவரின் முகத்தை அவன்மேல் போர்த்திவிடும். மறுமுனையில் இருப்பவருக்குத் தெரிவது அந்த இரண்டாவது முகம். குரலுக்கும் இதே கதிதான். கொஞ்ச நேரப் பேச்சுப் பதிவு கிடைத்தால் போதும், அதே குரலில் எதையும் சொல்ல வைக்கலாம். மூலப்பொருள் தேடி எவரும் அலையத் தேவையில்லை. எங்களுடைய சாமத்தியச் சடங்குகளும் கலியாண வீடுகளும் பிறந்தநாள் கேக் வெட்டுகளும் முகநூலிலும் யூரியூப்பிலும் எல்லோர் பார்வைக்கும் விரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஊரில் இருக்கிற எந்த மச்சானின் முகமும் எந்தக் கோணத்திலும் கிடைக்கும்.

இது பணக்காரக் கொம்பனிகளின் தலையிடி, ஊருக்கு மாதம் நூறு யூரோ அனுப்புகிற எங்களுக்கு என்ன என்று ஒரு நண்பர் சொன்னார். கொம்பனிகளுக்குத் தலையிடிதான். 2024 தை மாதத்தில் ஹொங்கொங்கில் நடந்ததை பத்திரிகைகள் எழுதின. அரூப் என்கிற பிரித்தானியப் பொறியியல் கொம்பனி, சிட்னி ஒபரா மண்டபத்தின் கட்டமைப்பை வடிவமைத்தவர்கள். அவர்களுடைய ஹொங்கொங் கிளையில் கணக்குப் பகுதியில் வேலை செய்த ஒருவருக்கு, இரகசியமாகப் பணம் அனுப்பவேண்டும் என்று தலைமையகத்திலிருந்து வந்ததுபோல ஒரு மின்னஞ்சல் வந்தது. அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் பிறகு ஒரு வீடியோக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். அங்கே நிதிப் பொறுப்பாளர் இருந்தார், தெரிந்த மற்ற முகங்களும் இருந்தன. சந்தேகம் போய்விட்டது. 15 தடவையாக, 5 வங்கிக் கணக்குகளுக்கு, 20 கோடி ஹொங்கொங் டொலரை அனுப்பிவிட்டார். கூட்டத்தில் இருந்தவர்களில் அவர் ஒருவர்தான் உண்மையான மனிதர்.

இந்தச் சம்பவத்தில் பொலிசார் சொன்ன ஒரு விபரம் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அந்த முகங்கள் அவரோடு பெரிதாக உரையாடவேயில்லை. முன்னரே தயாரித்து வைத்த படங்கள். அவரைத் தன்னை அறிமுகப்படுத்தச் சொன்னார்கள், கட்டளை கொடுத்தார்கள், கூட்டத்தை முடித்துவிட்டார்கள். அவர் கேள்வி கேட்பதற்கு இடமே இருக்கவில்லை.

கொம்பியூட்டர் இல்லாமலும் இது நடந்திருக்கிறது, அதுவும் நாங்கள் இருக்கிற பிரான்ஸில். 2015இலும் 2016இலும் சிலர், அப்போது பாதுகாப்பு மந்திரியாக இருந்த ஜோன்-ஈவ் லு திரியானின் முகத்தைப்போல சிலிக்கோனில் ஒரு முகமூடி செய்தார்கள். மந்திரியின் அலுவலகம்போல ஓர் அறையைச் சோடித்து, கொடியும் ஜனாதிபதி ஒலாந்தின் படமும் வைத்து, மங்கலான வெளிச்சத்தில் இருந்துகொண்டு ஸ்கைப்பில் பெரிய பணக்காரர்களை அழைத்தார்கள். பணயக்கைதிகளாகப் பிடிபட்ட பிரெஞ்சுக்காரரை மீட்க இரகசியமாகப் பணம் தேவை என்றார்கள். 5 கோடி யூரோவுக்கு மேல் அள்ளிவிட்டார்கள். ஜில்பேர் சிக்லி என்ற சூத்திரதாரிக்கு 2020 மார்ச்சில் பரிஸ் நீதிமன்றம் 11 வருடச் சிறை விதித்தது. ஒரு ரப்பர் முகமும் மங்கலான விளக்கும் போதுமாக இருந்திருக்கின்றன. மிச்சத்தை பார்த்தவருடைய மனமே இட்டு நிரப்பிக்கொண்டது.

அப்படியானால் போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குக் குறிப்புகள் ஏராளம். கண் இமைப்பதைப் பார் என்றார்கள். 2018இல் அமெரிக்காவில் சிவெய் லியூ என்ற ஆய்வாளர், போலிமுகங்கள் சரியாக இமைப்பதில்லை என்று கண்டு எழுதினார். சில வாரங்களுக்குள் இமைக்கிற போலிமுகங்கள் வந்துவிட்டன. பிறகு தோலுக்குக் கீழே இரத்தம் ஓடும்போது நிறத்தில் நிகழ்கிற, கண்ணுக்குத் தெரியாத துடிப்பைக் கருவியால் பார்க்கலாம் என்றார்கள். போலிமுகத்திலும் அந்தத் துடிப்பு வந்துவிடுகிறது என்று 2025இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பச் சொல், கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோகச் சொல், முகத்தில் அலை அடிக்கும் என்பார்கள். இன்றைக்கு இது பலவேளைகளில் உதவும். எத்தனை நாளைக்கு உதவும் என்பதுதான் கேள்வி.

இந்தக் குறிப்புகளில் எனக்கு வேறொரு ஆட்சேபமும் உண்டு. எச்சரிக்கைப் பட்டியலை ஒருதரம் வாசித்துப் பாருங்கள். தெரியாத புது இலக்கத்திலிருந்து அழைப்பு வரும். படம் தெளிவில்லாமல் விட்டுவிட்டு வரும். வாய் ஒரு பக்கம், குரல் இன்னொரு பக்கம் போகும். வெளிச்சம் போதாது. பேசுகிறவர் பதற்றமாக இருப்பார், அவசரப்படுத்துவார், காசு கேட்பார், வேறு ஆருக்கும் சொல்லவேண்டாம் என்பார். இது போலியின் அடையாளம் என்கிறார்கள். எங்களுடைய பிள்ளைகள் வழியில் நின்று எடுக்கிற ரெலிபோன் இதைவிட வேறு எப்படி இருக்கும்? காட்டுக்குள் ஒளிந்திருப்பவன், இன்னொருத்தனின் போனை இரவல் வாங்கி, இருட்டுக்குள் இருந்து, ஒரு கோடு சிக்னலில் பேசும்போது அவனுடைய முகம் உடைந்துதான் வரும். பட்டியலின்படி பார்த்தால் ஆபத்தில் இருக்கிற அகதி ஒவ்வொருவனும் போலி.

2024 பனிக்காலத்தில் ஒருநாள் இதைக் கண்ணால் கண்டேன். மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து, இரவு வேலைக்கு இடையில் கிடைக்கிற இரண்டு மணித்தியால ஓய்வு. என்னோடு குசினியில் நிற்கிற அண்ணை ஒருவருக்கு வட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வந்தது. தெரியாத இலக்கம். எடுத்தால் அவருடைய தங்கச்சியின் மகன். ஐரோப்பாவுக்கு வரவென்று வெளிக்கிட்டு இரண்டு மாதமாகத் தொடர்பில்லாமல் இருந்த பொடியன். பெலாருஸ் எல்லைப்பக்கம் நிற்கிறேன், இரவுக்குள் 2,500 யூரோ கட்டாவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்கிறான். முகம் அவனுடையதுதான். ஆனால் படம் உறைந்து உறைந்து வருகிறது. அதற்கு முதல் வாரம்தான் நாங்கள் இந்த டீப்ஃபேக் கதையைக் கதைத்திருந்தோம். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் கணிதமும் கொம்பியூட்டரும் படித்து இடையில் விட்டுவிட்டு வந்தவன். அந்த இரண்டு வருடத்தை நம்பி அண்ணை போனை ஒரு கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

திரும்பச் சொல்லிப் பார்த்தோம். திரும்பும்போது படம் உறைந்தது. பெயர், பிறந்த திகதி, படித்த பள்ளிக்கூடம் எல்லாம் முகநூலில் இருக்கிறவை. கேட்டுப் பயனில்லை. அண்ணையின் காதுக்குள், இல்லாத ஒன்றைப் பற்றிக் கேளுங்கோ என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, வீட்டுக் கிணத்தடி வேம்பு இப்பவும் நிக்குதோடா?"

மறுமுனையில் ஒரு கணம் சத்தமில்லை. பிறகு, "கிணத்தடியில ஏது மாமா வேம்பு? பிலா எல்லே நிண்டது. அம்மம்மா வைச்சது. மிதிவெடி எடுக்க வந்தவங்கள் தறிச்சதெண்டு அம்மா இப்பவும் சொல்லிச் சொல்லி அழுறவ" என்றான்.

அவன்தான். அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பொடியன் விளங்கிக்கொண்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்காமல் இருக்குமா?

"மாமா, நீங்களுமோ என்னை விசாரிக்கிறியள்?"

அந்தக் கேள்விக்கு அண்ணையிடம் பதில் இருக்கவில்லை. "இல்லையடா, சும்மா கேட்டனான்" என்றார். காசு போய்ச் சேர்ந்தது. பொடியன் இப்போது ஜேர்மனியில் ஒரு முகாமில் இருக்கிறான். ஆனால் 'நீங்களுமோ' என்ற அந்தச் சொல் பல நாட்கள் என்னோடு இருந்தது.

ஏனென்றால் விசாரிக்கப்படுவது என்னவென்று எங்களுக்குத் தெரியும். காம்பில் பெயர் கேட்டார்கள், சென்றியில் அடையாள அட்டை கேட்டார்கள், இங்கே வந்து இறங்கியபின் நீ சொல்கிற ஆள்தானா, சொல்கிற ஊர்தானா என்று மணிக்கணக்கில் கேட்டார்கள். உன் வீட்டுக்குக் கிட்ட இருந்த கோயிலின் பெயர் என்ன, பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியால் போவாய் என்று கேட்டு எழுதினார்கள். ஜேர்மனியில் 2017இலிருந்து அரபு மொழி பேசுகிற விண்ணப்பதாரரின் பேச்சை கொம்பியூட்டரிடம் கொடுத்து, எந்த நாட்டு வழக்கு என்று கேட்கிறார்கள். பொய்யனை நம்பிவிடுவது ஒரு பிழை. உண்மையானவனை நம்பாமல் விடுவது இன்னொரு பிழை. கொம்பனிகள் அஞ்சுவது முதலாவதற்கு. அகதிகளான நாங்கள் இரண்டாவதால் அடிபட்டவர்கள். டீப்ஃபேக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதலாவது பிழையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பெலாருஸ் காட்டுக்குள் நிற்கிற மருமகனை நாங்கள் போலி என்று நினைத்து அழைப்பைத் துண்டித்திருந்தால், அந்த இழப்பு எந்தக் கணக்கிலும் வந்திராது.

இந்தச் சிக்கல் எங்களுடைய இலக்கியத்துக்குப் புதிதல்ல. கம்பன் யுத்த காண்டத்தில் மாயாசனகப் படலம் என்று ஒன்று வைத்திருக்கிறான். வால்மீகியில் இது இல்லை. மகோதரனின் யோசனைப்படி மருத்தன் என்ற அரக்கன் சனகனாக உருமாறி சிறைப்பட்டவன்போல சீதைக்கு முன்னால் கொண்டுவரப்படுகிறான். சீதை தகப்பன் என்றே நம்பி அழுகிறாள். உருவத்தில் அவளால் குற்றம் காண முடியவில்லை. ஆனால் அந்தத் தகப்பன் இராவணனுக்கு இணங்கு என்று சொல்லும்போது சீறுகிறாள். முகத்தை நம்பியவள் முகம் கேட்டதைக் கொடுக்கவில்லை. அவன் அரக்கன் என்ற உண்மையைப் பிறகு அவளுக்குச் சொன்னது அவளுடைய கண் அல்ல, திரிசடை. வேறொரு வழியால் வந்த செய்தி.

இன்னொரு பக்கம், அசோகவனத்துக்கு அனுமன் வந்தபோது சீதைக்கு வந்த சந்தேகமும் இதுவேதான். அவன் கணையாழி காட்டினான். திரும்பிப் போகும்போது சீதை சூடாமணியைக் கொடுத்ததோடு விடவில்லை. காகம் வந்து தொல்லை கொடுத்த கதையையும் சொல்லி அனுப்புகிறாள். தனக்கும் இராமனுக்கும் மட்டும் தெரிந்த கதை. மோதிரத்தைத் திருடலாம், இரண்டு பேருக்கு இடையில் நடந்ததைத் திருடுவது கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

உண்டியலும் இப்படித்தான் நடந்தது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அனுப்புகிறவர் ஒரு ரூபா நோட்டின் இலக்கத்தை ரெலிபோனில் சொல்லுவார். ஊரில் அந்த நோட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறவருக்குக் காசு. முகமும் கையெழுத்தும் தேவையில்லை. முன்கூட்டியே பேசிவைத்த ஒன்று இருந்தால் போதும்.

2022 ஆனி மாதத்தில் பேர்லின் நகர மேயராக இருந்த பிரான்சிஸ்கா கிபை, கியேவ் நகர மேயர் கிளிச்கோ என்று நம்பி ஒருவரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். முகத்தில் அவருக்கு ஐமிச்சம் வரவில்லை. உக்ரேனிய அகதிகள் ஜேர்மனியில் உதவிப்பணத்தை ஏமாற்றி எடுக்கிறார்கள் என்பதுபோல அந்த மேயர் பேசத் தொடங்கியபோதுதான் ஐமிச்சம் வந்தது. அது செயற்கை முகம்கூட அல்ல, பழைய நேர்காணல் ஒன்றின் படத்துண்டுகள் என்று பின்னர் ஒரு ஜேர்மன் தொலைக்காட்சி நிகழ்ச்சி சொன்னது. 2024 ஆடியில் இத்தாலியின் பெராரி கார்க் கொம்பனியில் ஒரு மேலாளருக்கு, தலைவர் பெனடெட்டோ விஞ்ஞாவின் குரலில் ரெலிபோன் வந்தது. உச்சரிப்புக்கூட அப்படியே இருந்ததாம். மேலாளர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: சில நாட்களுக்கு முன் எனக்கு ஒரு புத்தகம் வாசிக்கச் சொன்னீர்களே, அதன் பெயர் என்ன? அழைப்பு அத்தோடு முடிந்துவிட்டது.

கேள்வி கேட்கமுடியாத முகத்தோடு என்ன செய்வது என்பதற்கும் எங்களிடமே உதாரணம் இருக்கிறது. 2023 நவம்பர் 27, மாவீரர் நாளன்று ஒரு பெண், தான் பிரபாகரனின் மகள் துவாரகா என்று சொல்லி காணொளியில் பேசினார். கொம்பியூட்டர் செய்த உருவம் என்றார்கள் சிலர், ஆள்மாறாட்டம் என்றார்கள் சிலர், உண்மையே என்றார்கள் வேறு சிலர். பரிஸிலும் இலண்டனிலும் ரொரன்ரோவிலும் நாடியையும் பல்லையும் மூக்கையும் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வாதாடினோம். முகத்தை அளந்ததற்குப் பதிலாக, இது பதில் சொல்லாத ஒருபக்கப் பேச்சு என்பதைக் கவனித்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். யாராக இருந்தாலும், நேரில் தெரிந்தவர்கள் கேட்கிற கேள்விக்கு முகம் கொடுத்த பிறகுதான் ஏற்பதோ மறுப்பதோ.

ஆக, நான் விளங்கிக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வருகிற அழைப்பில் முடிவெடுக்காமல், வைத்துவிட்டு எங்களுக்கு முன்னமே தெரிந்த இலக்கத்துக்குத் திரும்ப எடுக்கவேண்டும். அது முடியாவிட்டால் அவரோடு கூட நிற்கக்கூடிய இன்னொருவரை வேறு வழியால் பிடிக்கவேண்டும், திரிசடையைப்போல. வட்ஸ்அப்பில் இரண்டு பேருக்கிடையில் 60 இலக்கம் கொண்ட பாதுகாப்பு எண் ஒன்று உண்டு. இரண்டு போனிலும் அது ஒன்றாக இருந்தால் நடுவில் எவரும் புகுந்து கேட்கவில்லை என்று அர்த்தம். போனைக் கையில் வைத்திருப்பவர் ஆர் என்று அது சொல்லாது. எல்லாவற்றையும்விட எளிது, குடும்பத்துக்குள் ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்வது. 2024 மார்கழியில் அமெரிக்காவின் எப்.பி.ஐ.கூட மக்களுக்கு இதைத்தான் சொன்னது. அந்தச் சொல்லை எழுத்தில் அனுப்பக்கூடாது, நேரில் அல்லது நிச்சயமாகத் தெரிந்த அழைப்பில் சொல்லவேண்டும்.

சொல் ஒன்று முன்னமே இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. அது விசாரணை அல்ல. இரண்டு பக்கமும் சம்மதித்த ஒழுங்கு. கேட்கிறவர் அதிகாரியாகவும் மற்றவர் குற்றவாளியாகவும் இருக்கத் தேவையில்லை. மருமகனும் மாமனிடம் அதைக் கேட்கலாம். பொடியன் ஜேர்மனிக்கு வந்தபின் அண்ணையும் அவனும் ஒரு சொல் வைத்துக்கொண்டார்கள். அது மரங்களோடு சம்பந்தப்பட்டதல்ல என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

எங்களுடைய வீட்டிலும் இதைச் செய்தேன். கிளிநொச்சியில் அம்மாவுக்கும், கனடாவில் அக்காவுக்கும், கடைசியாகப் பெரியம்மாவுக்கும் சொன்னேன். பெரியம்மாவின் மகன் 2009 வைகாசியில் வட்டுவாகலுக்கு இந்தப் பக்கம் வந்தபின் காணாமல் போனவன். 2017இல் கிளிநொச்சியில் தாய்மார் தெருவோரம் இருக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவவும் அங்கே போய்வருகிறவ. உங்கடை மகன் இன்ன முகாமில் இருக்கிறான், இவ்வளவு தந்தால் காட்டுவம் என்று ரெலிபோன் எடுத்துத் தாய்மாரிடம் காசு பறித்தவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். அவர்களிடம் முகம் இருக்கவில்லை. இனி வருகிறவர்களிடம் முகம் இருக்கும். சுவரில் மாட்டியிருக்கிற, ஊர்வலத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்தப் படம் வாய் திறந்து அம்மா என்று கூப்பிடும். அதை நினைத்துத்தான் அவவுக்கு முக்கியமாகச் சொன்னேன்.

பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, எல்லாம் சரி. அவன் எடுத்தால்? அவனுக்கு உந்தச் சொல்லுத் தெரியாதே" என்றா.

எனக்கு அதற்கு உடனே மறுமொழி வரவில்லை. பிறகு சொன்னேன், அவனுக்கு வேறை கேளுங்கோ பெரியம்மா, 2009க்கு முன்னம் உங்களுக்கும் அவனுக்கும் மட்டும் தெரிஞ்ச ஏதேனும் ஒண்டு, ஒருத்தருக்கும் சொல்லாத ஒண்டு இருந்தால் அதைக் கேளுங்கோ.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. "இருக்கு" என்றா. சொல்ல வாயெடுத்தா.

"எனக்கும் சொல்லாதையுங்கோ" என்றேன்.